ஆடியைப் பிடித்துக்கொண்டோம், தேடியை விட்டுவிட்டோம்

ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் அந்தப் படம் சுற்றத் தொடங்கிவிடும். பச்சைப் பின்னணி, ஏர் பிடித்த ஓர் உழவர், கீழே கொட்டை எழுத்தில் "ஆடிப்பட்டம் தேடி விதை". மதுரையில் இருக்கும் சித்தப்பா அனுப்புவார். அது யாங்கோனுக்கு வரும், டொராண்டோவுக்குப் போகும், மெல்பேர்னுக்கும் போகும். எல்லோரும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள்.

அந்த வாரம் இந்த ஊர்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யாங்கோனில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. டொராண்டோவில் கோடை பாதி முடிந்துவிட்டது; அன்று விதை போட்டால் காய்க்கத் தொடங்கும் நேரத்தில் குளிர் வந்துவிடும். மெல்பேர்னில் நடுக்குளிர்காலம். ஒரே பழமொழி, ஒரே நாள். அதை அப்படியே நம்பி விதை போட்டால் மூன்று ஊரிலும் நட்டம்தான்.

இது கேலிக்குச் சொல்வதல்ல. நான் யாங்கோனில் பிறந்து வளர்ந்தவன், பர்மாவுக்கு வந்த குடும்பத்தில் நான்காம் தலைமுறை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது, மாடியில் தொட்டிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களோடு பேசும்போதெல்லாம் ஒரு வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: "நம்ம ஊர் காயெல்லாம் இங்க வராதுப்பா." அவரைக்காய் வரவில்லை, மிளகாய் அழுகிப்போச்சு, வெண்டை ஒரு சாண் வளர்ந்து நின்னுபோச்சு. விதை சரியில்லை என்பார்கள், மண் சரியில்லை என்பார்கள், "எனக்குக் கைராசி இல்ல" என்பார்கள். பெரும்பாலும் தப்பு இவை எதிலும் இல்லை. விதை போட்ட நாளில் இருக்கிறது.

பட்டம் என்பது ஓர் ஊரின் வானத்தைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த நாள். அதை அப்படியே பெட்டியில் வைத்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக முடியாது. நாம் குடியேறிய ஒவ்வோர் ஊருக்கும் நமக்கென்று ஒரு பட்டம் கண்டுபிடித்து எழுதிவைக்க வேண்டிய நேரம் இது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

ஆடி ஏன் அங்கே சரி, இங்கே தப்பு?

தமிழ்நாட்டில் ஆடி நல்ல மாதம்தான், விதைக்கு. கத்தரி வெயில் போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும். தென்மேற்குப் பருவமழை அங்கே பெரிதாகக் கொட்டாது. மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடும். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை காவிரியில் வரும், அதனால்தான் ஆடிப்பெருக்கு. மண் ஈரமாகும் அளவுக்கு அவ்வப்போது தூறல் விழும். அன்று போட்ட விதை முளைத்து, வேர் பிடித்து, இரண்டரை மாதம் வளர்ந்த பிறகு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வரும். சின்ன மழையில் முளைத்து பெரிய மழைக்குள் காலூன்றிக்கொள்ளும் கணக்கு அது. எந்த விஞ்ஞானியும் சொல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் கண்டுபிடித்த கணக்கு.

யாங்கோனில் வானம் வேறு மாதிரி. மே நடுவில் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து இறங்கும். அதைத் தடுக்க இங்கே மலை இல்லை. அக்டோபர் வரைக்கும் விடாது. சென்னைக்கு ஓராண்டில் பெய்வது ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் என்றால், யாங்கோனுக்கு ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. அதிலும் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தில் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிடும். நம்முடைய ஆடி சரியாக அந்த இரண்டு மாதத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. டெல்டா மண் களிமண், தண்ணீரை உள்ளே விடாது. அன்று கொத்தமல்லி விதைத்தால் விதை மிதந்து போகும். தக்காளி, மிளகாய் நாற்று விட்டால் தண்டு அடியில் கறுத்துச் சாய்ந்துவிடும். நாற்றழுகல் நோய்க்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது.

நவம்பர் வந்தால் கதை தலைகீழ். சென்னையில் "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று குடை பிடித்துக்கொண்டிருக்கும்போது, யாங்கோனில் மழை மூட்டை கட்டிவிடும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை துளி விழுந்தால் அதிசயம். இரவில் 17, 18 டிகிரி வரைக்கும் இறங்கும். அந்த இதமான குளிர் தக்காளிக்கும் கத்தரிக்கும் கோஸுக்கும் முள்ளங்கிக்கும் அமிர்தம். மார்ச்சில் வெயில் ஏறி, ஏப்ரலில் 37 டிகிரியைத் தொட்டுவிடும். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் தக்காளிப் பூ காயாகாமல் உதிர்ந்துவிடும்.

ஆக, இந்தப் பக்கம் அடைமழை என்ற சுவர், அந்தப் பக்கம் கோடை என்ற சுவர். நடுவில் நவம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய ஏறக்குறைய 120 நாள். யாங்கோன் வீட்டுத் தோட்டத்துக்கு அதுதான் பெரிய பட்டம். நம் மாதக் கணக்கில் சொன்னால் ஐப்பசிப் பட்டம். தமிழ்நாட்டு ஆடி இங்கே மூன்று மாதம் தள்ளி வருகிறது.

குளிர்நாட்டுக்காரரின் கணக்கு

இந்த இரண்டு சுவர்க் கணக்கைக் கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் தோட்டக்காரரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். அவருக்கும் இரண்டு சுவர் உண்டு. வசந்தத்தில் விழும் கடைசி உறைபனி ஒரு சுவர், இலையுதிர் காலத்தில் விழும் முதல் உறைபனி இன்னொரு சுவர். நடுவில் இருக்கும் உறைபனி இல்லாத நாட்கள்தான் அவருடைய பட்டம். தக்காளி நாற்றை வீட்டுக்குள் எப்போது போடுவது என்பதை அந்தக் கடைசி உறைபனி நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் பின்னோக்கி எண்ணி முடிவு செய்வார்.

அந்த ஊர்க்காரர்களுக்கும் பழமொழி மாதிரி ஒரு நாள் கையில் இருக்கிறது. டொராண்டோ பக்கம் விக்டோரியா தினம் வரைக்கும் தக்காளியை வெளியே நடாதே என்பார்கள். மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை அது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் மே நடுவில் 'பனிப் புனிதர்கள்' நாட்கள் என்று உண்டு. மே 15இல் முடியும் அந்த நாட்கள் தாண்டட்டும் என்பார்கள். மெல்பேர்னில் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் மெல்பேர்ன் கோப்பை குதிரைப் பந்தய நாள்தான் தக்காளி நடும் நாள். ராணியின் பிறந்தநாள், கிறிஸ்தவப் புனிதர்கள், குதிரைப் பந்தயம் – மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஊரே மறக்காத ஒரு நாளோடு விதையைக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். நம் ஆட்கள் ஆடியோடு கட்டியதும் அதே வேலைதான்.

இதில் புதிதாகக் குடியேறியவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'கடைசி உறைபனி நாள்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் சராசரி. சராசரி என்றால் என்ன? ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அந்த நாளுக்குப் பிறகும் உறைபனி விழும் என்று அர்த்தம். அந்த நாளிலேயே நட்டால் பூவா தலையா போட்ட மாதிரி. இரண்டு வாரம் பொறுத்து நடுகிறவர் தப்பிக்கிறார். இன்னொன்று, வானிலைக் கருவி தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் கருவி காட்டுவதைவிடக் கீழே இறங்கிவிடும். கருவி இரண்டு டிகிரி காட்டும், புல்லில் வெள்ளையாகப் படிந்திருக்கும். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தை நோக்கி ஓடும் என்பதால் பள்ளமான கொல்லையில் முதலில் கருகும்.

உறைபனி தமிழருக்குப் புதிதும் அல்ல. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி வந்தால் தேயிலையும் காய்கறியும் கருகாமல் இருக்க மூடிவைப்பார்கள், விடிவதற்குள் தண்ணீர் தெளிப்பார்கள். நுவரெலியாவில் தோட்டத்துச் சனங்களுக்கும் அது பழகிய எதிரி. பர்மாவிலேயே ஷான் மேட்டுநிலத்தில் சில ஊர்களில் உறைபனி விழும். யாங்கோன் சந்தைக்கு வரும் கோஸும் காலிஃப்ளவரும் அந்த ஹேஹோ, ஆவுங்பான், கலோ பக்கத்திலிருந்துதான் வருகின்றன.

அவரைக்காய் சொல்லும் இன்னொரு பாடம்

உறைபனி நாள் ஒன்றை மட்டும் பார்த்தால் போதுமா என்றால் போதாது. நம் பந்தல் அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஆடியில் போட்ட அவரை இரண்டு மூன்று மாதம் கொடியாகவே ஓடும். "இது பூக்குமா பூக்காதா" என்று சந்தேகம் வரும் நேரத்தில் கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, தை வரைக்கும் காய்க்கும். காரணம், பழைய கொடி ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும்.

யாங்கோனில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறக்குறைய 13 மணி நேரம்தான். டொராண்டோவில் ஜூனில் 15 மணி நேரத்தைத் தாண்டும். லண்டனில் பதினாறரை மணி நேரம். அங்கே அந்த அவரை கோடை முழுவதும் கொடியாக வேலியில் ஏறி, ஓடி, பக்கத்து வீட்டுக்காரர் பாராட்டும் அளவுக்குத் தழைக்கும். செப்டம்பர் கடைசியில் பகல் குறைந்து மொட்டு வைக்கும். அக்டோபரில் உறைபனி வந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். "என் கைக்கு அவரை வரல" என்று சொல்லும் அக்காமார் எத்தனை பேர்! உங்கள் கையில் ஒரு கோளாறும் இல்லை, அக்கா. பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் செடி அவரை ரகங்கள் உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஆனால் விதையை ஊரிலிருந்து பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோக வேண்டாம். ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் கட்ட நேரும்.

இங்கே யாங்கோனில் அதே பந்தல் அவரை அருமையாக வரும். மழை குறையும் புரட்டாசியில் மேட்டுப்பாத்தியில் போட்டால் தைக்குள் பந்தல் நிறையக் காய். பொங்கல் குழம்புக்கு வெளியே வாங்க வேண்டியதில்லை.

அக்கம்பக்கத்தாரிடம் கற்றது

1852இல் இரண்டாம் ஆங்கில-பர்மியப் போர் முடிந்து கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. டெல்டாவைக் காடு வெட்டி நெல் வயலாக்க ஆள் தேவைப்பட்டது. தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் கப்பலேறினார்கள். 1871இல் யாங்கோன் நடுவில் காளி கோயில் கட்டும் அளவுக்கு இங்கே நிலைத்துவிட்டார்கள். வந்தவர்களில் உழவர்கள் நிறைய. அவர்களுக்கு ஆடிப்பட்டம் தெரியும், குறுவை தெரியும், சம்பா தெரியும். இங்கே வந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. யாரிடம்? பக்கத்து வயல் பர்மியரிடமும் கரேன் மக்களிடமும்தான்.

நமக்கு ஆறு பருவம். இங்கே மூன்று: ந்வே, மோ, சௌங். வெயில், மழை, குளிர். பருவத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'யாதி'. எழுத்தில் பார்த்தால் அது நம் 'ராசி'தான். பாலி மொழி வழியாக வந்து உச்சரிப்பு மாறிவிட்டது. எங்கள் அப்பத்தாவுக்கு இந்தச் சொல் வரலாறெல்லாம் தெரியாது. ஆனால் எந்த மாதம் எதைப் போடுவது என்பதைப் பக்கத்து வீட்டு பர்மியம்மாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா ஒட்டி முதல் தூறல் விழுந்ததும் படவுக் மரம் ஒரே நாளில் மஞ்சளாகப் பூக்கும். நம் வேங்கை மரத்துக்கு உறவு அது. அந்தப் பூவைப் பார்த்தால் சேனை, சேம்பு, மஞ்சள், இஞ்சி எல்லாவற்றையும் மண்ணுக்குள் தள்ளு என்பது அந்த அம்மா சொன்ன பாடம். சித்திரையில் புதைத்த மஞ்சள் தைப்பொங்கலுக்குக் கொத்தாகக் கைக்கு வரும். திஞ்சானும் நம் சித்திரைப் பிறப்பும் ஒட்டி ஒட்டி வருவதால் அப்பத்தாவுக்கு அது மறக்கவே இல்லை.

ஐப்பசி நாற்றுக்கு அப்பத்தா சொன்ன கணக்கு இன்னும் எளிது: "மண்ண மிதிச்சா கால்ல ஒட்டக் கூடாது. பிடிச்சா உருண்டை ஆகணும், விட்டா உதிரணும். அப்பத்தான் நாத்து." எந்தத் தேதியும் இல்லை. மழை ஓர் ஆண்டு முன்னால் விடும், ஓர் ஆண்டு பின்னால் விடும். கால் பொய் சொல்லாது.

இங்கே சிலர் தடின்ஜுட் பௌர்ணமியைக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். விளக்குத் திருநாள் முடிந்தால் மழை முடிந்தது என்று. ஆனால் பர்மிய மாதம் சந்திரக் கணக்கு, அது நகரும். 2023இல் அக்டோபர் கடைசியில் வந்த தடின்ஜுட், 2024இல் அக்டோபர் 17இலும் 2025இல் அக்டோபர் 6இலும் வந்தது. மூன்று வார வித்தியாசம். அக்டோபர் முதல் வாரத்தில் நட்ட நாற்று இன்னும் இரண்டு கனமழையில் நனைய வேண்டியிருக்கும். இந்த விஷயத்தில் நம் தமிழ் மாதம் கெட்டிக்காரத்தனமானது. அது சூரியக் கணக்கு. ஐப்பசி முதல் நாள் ஆண்டுதோறும் அக்டோபர் நடுவைத் தாண்டித்தான் வரும், அங்கே இங்கே ஓடாது. விதைக்கு நாள் குறிக்க அருமையான கருவி அது. கருவியை விட வேண்டாம், குறியை மட்டும் இந்த ஊருக்கு மாற்றினால் போதும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

"மார்க்கெட்டுல கிடைக்குது, இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று கேட்கலாம். யாங்கோனில் இப்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2021க்கு முன் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 1,300 கியாட். 2024இல் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டிப் போனது. எண்ணெய், உரம், லாரி வாடகை எல்லாம் அதோடு ஏறின. காய்கறி மலையிலிருந்து வருவதால் வழியில் எங்கே அடைபட்டாலும் இங்கே விலை ஏறிவிடும். பிள்ளைகள் வேலைக்கு மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். பல வீடுகளில் வயதான இரண்டு பேரும் ஒரு சின்னக் கொல்லையும்தான் மிச்சம். அந்தக் கொல்லையில் நாலு கத்தரி, ஆறு தக்காளி, ஒரு முருங்கை, ஒரு பாத்தி புளிச்சக்கீரை இருந்தால் வாரத்தில் மூன்று நாள் சமையல் ஓடிவிடும். தேதி தப்பினால் விதைக் காசும் போச்சு, குனிந்து நிமிர்ந்த உழைப்பும் போச்சு. அறுபது வயதுக்கு மேல் உள்ளவரிடம் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சுலபமாகச் சொல்ல முடியாது.

வெளிநாட்டில் பணயம் வேறு. அங்கே காய் கடையில் கிடைக்கும். ஆனால் ஒரு பெற்றோர் பிள்ளையைக் கூட்டிவைத்து ஆசையாக விதை போட்டு, அது வராமல் போனால், "நம்ம ஊர்ச் செடி இங்க வராது" என்ற பாடத்தைத்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாம் முறை மண்வெட்டியைத் தொடாது. சரியான நாளில் போட்டிருந்தால் வெண்டை காய்த்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு வெண்டைக்காயின் தமிழ்ப் பெயரும் மறந்திருக்காது.

"போனில் வானிலை பார்த்துக்கொள்ளலாமே" என்று இளையவர்கள் சொல்வார்கள். போன் பத்து நாளைக்குச் சொல்லும். தக்காளிக்கு நூறு நாள் கணக்கு வேண்டும். "பருவமே மாறிப்போச்சு, பழைய தேதி எதற்கு" என்பார்கள் வேறு சிலர். மாறுவது உண்மைதான். மாறுகிறது என்று எப்படித் தெரியும்? எழுதிவைத்தால்தான் தெரியும். முதல் மழை எப்போது விழுந்தது, கடைசி மழை எப்போது, என்றைக்கு நட்டோம், என்றைக்கு முதல் காய். ஒரு பள்ளி நோட்டில் ஆண்டுக்கு நாலு வரி. பத்து ஆண்டில் அது எந்தச் செயலியும் தராத கணக்கு. பருவமழை எப்போது தொடங்கியது, எப்போது விலகியது என்று இந்நாட்டு வானிலைத் துறையும் ஆண்டுதோறும் அறிவிக்கிறது; அதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றும் வேண்டும். புயல் இங்கே மழைக்கு முன்னும் பின்னும் வரும். நர்கிஸ் வந்தது 2008 மே 2, 3. பந்தலை எப்போது பலமாகக் கட்டுவது என்பதும் பட்டக் கணக்கில் சேர்ந்ததுதான்.

நாட்காட்டியில் நாலு வரி

இங்கே பல வீட்டுச் சுவரில் தொங்குவது சிவகாசியில் அச்சான நாட்காட்டி. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் தமிழ்நாட்டுச் சூரியனுக்குப் போட்டவை. அதனால்தான் லண்டனிலும் டொராண்டோவிலும் கோயில்களும் சங்கங்களும் உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பார்த்துத் தனியாகப் பஞ்சாங்கம் கணித்து அச்சடிக்கின்றன. நல்ல வேலை. பால் காய்ச்சுவதற்கு உள்ளூர் நேரம் பார்க்கும் நாம், விதை போடுவதற்கு மட்டும் இன்னும் மதுரை நேரத்தையே வைத்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

என் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வோர் ஊர்த் தமிழ்ச் சங்கமும், கோயிலும், தமிழ்ப் பள்ளியும் அடுத்த ஆண்டு நாட்காட்டி அடிக்கும்போது அந்த ஊர்ப் பட்டத்தை நாலு வரியில் சேர்க்கட்டும். தோட்டம் போடும் நாலு பெரியவர்களை, முக்கியமாகப் பெண்களை, உட்காரவைத்துக் கேட்டால் கிடைத்துவிடும். அந்த ஊர்ப் பக்கத்து வீட்டுக்காரரையும் கேளுங்கள், அவர் தாத்தாவுக்கும் ஒரு பழமொழி இருந்திருக்கும். குளிர்நாடாக இருந்தால் கடைசி உறைபனி, முதல் உறைபனி, நடுவில் எத்தனை நாள், அதற்குள் முடியும் நம் ஊர்க் காய்கள் எவை. தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகவே கொடுக்கலாம். மாதப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, "நம்ம ஊர்ல வைகாசியில வெண்டை" என்று கையால் செய்து கற்ற மாதம் மறக்காது.

யாங்கோனுக்கு என் நாலு வரி இதோ. இதில் திருத்தம் சொல்லும் பெரியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், சொல்லட்டும்.

சித்திரை: படவுக் பூத்ததும் மஞ்சள், இஞ்சி, சேனை, சேம்பு. சுரை, பீர்க்கு விதையும் இப்போதே போட்டால் பெருமழைக்குள் பந்தல் ஏறிவிடும்.

வைகாசி, ஆனி: வெண்டை, புளிச்சக்கீரை. ஒரு முழ உயர மேட்டுப்பாத்தி, சுற்றி வாய்க்கால். பள்ளமான இடத்தில் இங்கே 'கசுன்' என்று சொல்லும் நீர்க்கீரை, அதற்கு எவ்வளவு மழையும் போதாது.

ஆடி, ஆவணி: புது விதை எதுவும் வேண்டாம். வாய்க்காலைத் தூர்வாரு, பறிக்க வேண்டியதைப் பறி. வாட்ஸ்அப் படம் வந்தால் கைகூப்பு, அவ்வளவு போதும்.

புரட்டாசி நடுவில் கூரைக்கடியில் தொட்டியில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று, மேட்டுப்பாத்தியில் அவரை. ஐப்பசியில் மண் காலில் ஒட்டாத நாள் பார்த்து நடவு. கொத்தமல்லி, முள்ளங்கி, கடுகுக்கீரை நேரடி விதைப்பு. மாசிக்குள் அறுவடை.

அந்தப் பழமொழியில் மூன்று சொல் இருக்கிறது. கடல் தாண்டி வந்த நாம் முதல் சொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம், நடுச் சொல்லை வழியில் விட்டுவிட்டோம். தேடி விதைக்கச் சொன்னார்கள். உங்கள் ஊரில் தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் நாலு வரியையும் எழுதுங்கள்.